தராசுக்கு முத்திரை, முத்திரை ஆய்வாளருக்கு?

2014 ஜனவரியில் அமெரிக்கா இந்திய விமானப் போக்குவரத்தை இரண்டாம் தரத்துக்கு இறக்கியபோது நம் விமானங்களில் என்ன கோளாறைக் கண்டது என்று அவனியாபுரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கோளாறு விமானங்களில் காணப்பட்டதன்று. அவற்றைக் கண்காணிக்கும் நம் அரசுத் துறையில் காணப்பட்டது.

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லிகை நிறுக்கும் தராசுக்கு முத்திரை ஆய்வாளர் வந்து முத்திரையிடுகிறார். அவர் கொண்டுவரும் எடைக்கற்களும் அவற்றைவிடத் துல்லியமான கற்களோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டால்தான் அந்த முத்திரைக்கு மதிப்பு. விமானத் துறையில் நம் முத்திரை ஆய்வாளர், நம் அரசின் விமானப் போக்குவரத்துக் கண்காணிப்பு அமைப்பான டிஜிசிஏ. அத்தகைய அமைப்புகளை, 1944-ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையால் உருவாகி மான்ட்ரியாலில் இயங்கும் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓ 1999 முதல் தணிக்கை செய்து வருகிறது. தன் நாட்டுக்குப் பறக்கும் நிறுவனங்களின் தாய்நாடுகளை அமெரிக்க அரசின் விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ 1992 முதல் தனியாக மதிப்பிடுகிறது; ஐசிஏஓ தரங்களின்படி கண்காணிக்கும் நாட்டுக்கு முதல் தரம், இல்லையேல் இரண்டாம் தரம்.

ஐசிஏஓ தணிக்கையாளர் விமானத்தின் பக்கம் போவதைவிடக் கோப்புகளின் பக்கமே அதிகம் போகிறார். எடுத்துக்காட்டாக, ஒரு பராமரிப்புக் கூடத்தில் போல்ட்டுகளை முடுக்கும் டார்க் ரெஞ்சின் அளவுத்திருத்தச் சான்று காலாவதியாகிவிட்டதை நம் ஆய்வாளர் கண்டு எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒற்றைத் தாளை வைத்துக்கொண்டு தணிக்கையாளர் இரு திசைகளிலும் நடக்கத் தொடங்குகிறார். பின்னோக்கி: அந்த ஆய்வாளருக்குக் கூடத்துக்குள் நுழையும் அதிகாரத்தைத் தந்த சட்டம் எது, அவர் எங்கே பயிற்சி பெற்றார், அவர் கையில் இருந்த வழிகாட்டிக் கையேடு எது? முன்னோக்கி: நிறுவனத்துக்கு எத்தனை நாள் கெடு தரப்பட்டது, அந்த ரெஞ்சால் ஏற்கெனவே முடுக்கப்பட்ட போல்ட்டுகள் மீண்டும் சோதிக்கப்பட்டனவா, அதை நேரில் பார்த்துக் கோப்பை முடித்தவர் யார்? கேட்கப்படும் ஒவ்வொரு கேள்விக்கும் திருப்தி, திருப்தியில்லை என்ற இரண்டே விடைகள்தாம் உண்டு. பாதி மதிப்பெண் கிடையாது. பொருந்தும் கேள்விகளில் எத்தனை விழுக்காடு திருப்தி என்பதே நாட்டின் மதிப்பெண். ஒரு தாளைப் பிடித்து ஒரு நாட்டின் சட்டமன்றம் வரை போய்விடும் இந்த முறையின் அழகு எனக்கு அலுப்பதேயில்லை.

2014-இல் எஃப்ஏஏ மதிப்பீட்டில் இந்தியா முக்கியமாகத் தடுக்கியது ஆள்பலத்தில்: பயிற்சி பெற்ற முழுநேரப் பறப்பு ஆய்வாளர்கள் போதவில்லை. நம் நிறுவனங்கள் அமெரிக்காவுக்குப் புதிய சேவை தொடங்க முடியாமல் போயிற்று. ஆட்களை நியமித்த பின், 2015 ஏப்ரலில்தான் முதல் தரம் மீண்டது. பல ஆண்டுகள் விமானம் ஓட்டிய ஒருவரை ஆய்வாளராக அழைக்கும்போது, நிறுவனங்கள் தரும் ஊதியத்துக்கு அருகிலாவது அரசு தர வேண்டும். புதிய முனையங்களுக்குச் செலவிடத் தயங்காத நாம் இதற்கும் தயங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. 2022-இல் ஐசிஏஓ நடத்திய தணிக்கையில் நம் மதிப்பெண் 69.95-இலிருந்து 85.65 விழுக்காடாக உயர்ந்தது.

அமெரிக்கா போகாத மதுரைக்காரருக்கும் இதில் பங்குண்டு. கொழும்பிலிருந்து வந்து இறங்கும் இலங்கை விமானத்துக்கும் அதன் விமானிக்கும் சான்றளித்தது இலங்கை அரசு. குறைந்தபட்சத் தரங்களுக்குக் குறையாமல் அளிக்கப்பட்ட அந்தச் சான்றுகளைச் சிகாகோ உடன்படிக்கையின் 33-ஆம் பிரிவின்படி இந்தியா அப்படியே ஏற்கிறது. நம் சான்றுகளைக் கொழும்பும் அவ்வாறே ஏற்கிறது.