இந்தப் புகையை யார் கணக்கில் எழுதுவது?

வீட்டுக்கு வரும் கேஸ் சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு இருக்கிறது. அது தீரும்போது ஏறக்குறைய 42 கிலோ கரியமில வாயு காற்றில் கலந்திருக்கும். எரியும் கார்பன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்வதால் எடை மூன்று மடங்காகிறது. ஒரு நாட்டின் உமிழ்வையும் பெரும்பாலும் இப்படித்தான் கணக்கிடுகிறார்கள். எவ்வளவு நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரிந்தது என்று பார்த்துப் பெருக்குகிறார்கள். இந்தப் பெருக்கலில் பெரிய தகராறு இல்லை. வந்த தொகையை யார் பெயரில் எழுதுவது என்பதில்தான் தகராறு.

மொத்தமாகப் பார்த்தால் சீனா முதலிடம், அமெரிக்கா இரண்டாவது, இந்தியா மூன்றாவது. செய்திகளில் அடிக்கடி வருவது இந்த வரிசைதான். ஆனால் 140 கோடிப் பேரையும் 34 கோடிப் பேரையும் ஒரே தராசில் வைப்பது சரியா? தலைக்கு வகுத்தால் அமெரிக்கருக்கு ஆண்டுக்குச் சுமார் 14 டன், சீனருக்கு 8, இந்தியருக்கு 2. உலக சராசரி 5 டன்னுக்குச் சற்றுக் குறைவு.

அதுவும் போதாது. திருப்பூரில் தைத்து ஐரோப்பாவுக்குப் போகும் ஒரு பனியனை எடுத்துக்கொள்ளுங்கள். நூற்பாலையை ஓட்டிய அனல் மின்சாரம், துணி தைத்த மெஷின், பெட்டிகளைத் துறைமுகத்துக்கு ஏற்றிப்போன லாரி, எல்லாம் இந்தியாவின் கணக்கில் ஏறும். போட்டுக்கொள்பவர் நாட்டின் கணக்கில் ஒன்றும் ஏறாது. ஐ.நா.வுக்கு நாடுகள் தரும் அறிக்கையில் எரிந்த இடம்தான் கணக்கு. கடல் கடக்கும் கப்பலின் எண்ணெயோ எந்த நாட்டின் மொத்தத்திலும் சேராமல் தனியாக நிற்கிறது. வாங்குபவர் பெயரில் மாற்றி எழுதிப் பார்த்தால் சுவிட்சர்லாந்தின் உமிழ்வு இரண்டு மடங்குக்கும் மேல் போகிறது. சீனாவுடையது குறைகிறது.

அப்புறம் காலம். எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். வெளியேறிய கரியமில வாயுவில் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் காற்றிலேயே தங்கிவிடுகிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்தது, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. மான்செஸ்டர் பஞ்சாலைகள் எரித்த நிலக்கரியின் மிச்சமும் அதில் இருக்கிறது. 1750 முதல் கூட்டினால் கிட்டத்தட்ட கால் பங்கு அமெரிக்காவுடையது. ஏழு கோடிக்கும் குறைவானவர்கள் வாழும் பிரிட்டன், 2023 வரையிலான கூட்டலில் இந்தியாவைவிட அதிகமாக உமிழ்ந்திருக்கிறது. தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை அது 2024 செப்டம்பரில் மூடியது உண்மையிலேயே பெரிய விஷயம். ஆனாலும் முன்பு ஏறிய புகை அதனால் இறங்கிவிடாது.

நம் பக்கமும் ஒன்று உறுத்துகிறது. ஒவ்வொரு அறையிலும் ஏசி ஓடும் வீடும், சிலிண்டர் தீர்ந்தால் அடுத்ததை வாங்க வழியில்லாமல் விறகடுப்பை ஊதும் வீடும் அந்த 2 டன் சராசரிக்குள்தான் இருக்கின்றன. சர்வதேசப் பேச்சுவார்த்தையில் இரண்டாவது வீட்டைக் காட்டி நியாயம் கேட்கிறோம். அங்கே கிடைக்கும் சலுகை முதல் வீட்டுக்கே போய்ச் சேர்வதை என்னால் ஏற்க முடியவில்லை.