முழங்கையும் வழிப்போக்கரும்: பூங்காவில் டிஸ்க் கோல்ஃப் ஆடும் முன்

டிஸ்க் கோல்ஃப் என்பது தட்டு போன்ற டிஸ்க்கை வீசி, எவ்வளவு குறைந்த வீச்சில் முடியுமோ அவ்வளவில் சங்கிலி தொங்கும் கூடைக்குள் போடும் ஆட்டம். அணியாக ஆடும் அல்டிமேட் ஆட்டத்து ஃபிரிஸ்பீயையும் டிஸ்க் கோல்ஃப் டிஸ்க்கையும் தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி போலத் தெரியும். கையில் வாங்கினால்தான் வித்தியாசம் புரியும். ஃபிரிஸ்பீ 175 கிராம் எடை, 27 செ.மீ. அகலம், விளிம்பு மழுங்கி உருண்டிருக்கும். டிஸ்க் கோல்ஃப் டிஸ்க்கும் கிட்டத்தட்ட அதே எடைதான், ஆனால் அகலம் 21 செ.மீ. சொச்சம், விளிம்பு சரிவாகத் தீட்டியதுபோல் கூர்ந்திருக்கும். கிரிக்கெட் பந்தே 156 முதல் 163 கிராம்தான். அதைவிடக் கனமான ஒன்று, விளிம்பு முன்னால் வர, மணிக்கு 80, 90 கி.மீ. வேகத்தில் நடைபாதையைக் கடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். பல் உடையும், புருவம் கிழியும்.

இன்னொரு பக்கம், வீசுகிறவரின் கை. விளையாட்டு இயன்முறை மருத்துவத்துக்கு வரும் டிஸ்க் கோல்ஃப் ஆட்டக்காரர்களின் வலி பெரும்பாலும் முழங்கை, தோள், இடுப்பு, முன்காலின் முட்டி என்ற நான்கு இடங்களில்தான் இருக்கும். வழிப்போக்கருக்கு வரும் ஆபத்தும் வீசுகிறவருக்கு வரும் வலியும் பெரும்பாலும் ஒரே பழக்கத்திலிருந்துதான் பிறக்கின்றன. அது, புதிதாக ஆட வருகிறவர் கடைக்குப் போய் இருப்பதிலேயே வேகமான டிஸ்க்கை வாங்கி, முழு பலத்தோடு வீசுவது.

இடத்தோடு பேசினால் எளிது. கலிஃபோர்னியாவில் பாசடீனாவின் வடக்கு ஓரம், நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தை ஒட்டிய ஹஹமோங்னா பூங்காவில் இருக்கிறது ஓக் குரோவ் திடல். 1975இல் ஃபிரிஸ்பீ வடிவமைப்பாளர் எட் ஹெட்ரிக் அமைத்த இதுதான் உலகின் முதல் நிரந்தர டிஸ்க் கோல்ஃப் திடல். முதலில் வெறும் கம்பங்கள்தான் இலக்கு, சங்கிலி தொங்கும் கூடை பிறகு வந்தது. வேலி கிடையாது. ஓக் மரங்களுக்கு நடுவே 18 கூடைகள், அதே மரங்களுக்கு நடுவே நடைப்பயிற்சிக்காரர்கள், குதிரைப் பாதைகள், நாயோடு வருகிறவர்கள், பிறந்தநாள் கொண்டாடும் குடும்பங்கள். நகரப் பூங்காத் திடல்கள் பெரும்பாலும் இப்படித்தான். கோல்ஃப் மைதானம்போல் 'ஆடுகிறவர் தவிர யாரும் வரமாட்டார்கள்' என்ற நினைப்பு இங்கே செல்லாது. நடப்பவருக்கே முன்னுரிமை. அவர் நின்று செல்ஃபி எடுத்தாலும் காத்திருக்க வேண்டியது ஆடுகிறவர்தான்.

வேகம் என்ற எண்ணின் ஏமாற்று

1983இல் டிஸ்க் தயாரிக்கும் இன்னோவா நிறுவனத்தின் டேவ் டனிபேஸ் விளிம்பைச் சரித்து வடிவமைத்த டிஸ்க் வந்த பிறகு இந்த ஆட்டத்தின் தூரமே மாறிப்போனது. இன்று கடையில் எந்த டிஸ்க்கை எடுத்தாலும் பெரும்பாலும் அதன் மேல் நான்கு எண்கள் இருக்கும்: வேகம், மிதப்பு, திருப்பம், கடைசிச் சரிவு. இன்னோவாவின் டெஸ்ட்ராயரில் 12, 5, -1, 3 என்றிருக்கும். லெப்பர்டில் 6, 5, -2, 1. டிஸ்க்ராஃப்ட் நிறுவனத்தின் பஸ் என்ற டிஸ்க்கில் 5, 4, -1, 1. ஏவியார் என்ற பட்டர் 2, 3, 0, 1. (பட்டர் என்றால் கூடைக்குள் போடுவதற்கான மெதுவான டிஸ்க். தோசைக்குத் தடவுவது அல்ல.)

முதல் எண்ணைத்தான் எல்லோரும் தப்பாகப் படிக்கிறார்கள். 12 என்றால் டிஸ்க் வேகமாகப் போகும் என்பதல்ல, அது ஒழுங்காகப் பறக்க நீங்கள் அவ்வளவு வேகமாக வீச வேண்டும் என்று பொருள். பழகாத கைக்கு அந்த வேகம் வராது. அப்போது என்ன ஆகும்?

வலது கைக்காரர் பேக்ஹேண்டில் (கையை மார்புக்குக் குறுக்கே இழுத்து, புறங்கை முன்னால் வர) வீசினால், மேலிருந்து பார்க்க டிஸ்க் கடிகார முள் சுற்றும் திசையில் சுழலும். வேகம் குறையும்போது காற்றின் தூக்குவிசை டிஸ்க்கின் நடுவைத் தாண்டி முன்பக்கம் விழுந்து, அதன் மூக்கை, அதாவது முன் விளிம்பை, மேலே தூக்கப் பார்க்கும். சுழலும் பொருள் தள்ளிய பக்கம் சாயாது, கால் சுற்று தள்ளிச் சாயும். அதனால் மூக்கு எழுவதற்குப் பதிலாக டிஸ்க் இடப்பக்கம் கவிழ்கிறது. இதுதான் அந்த நான்காவது எண். எல்லா டிஸ்க்கும் கடைசியில் கொஞ்சம் இடப்பக்கம் சரியும். பழகாத கையில் டெஸ்ட்ராயரோ தனக்குத் தேவையான வேகத்தை எட்டாமலே புறப்பட்டு, பாதி வழியிலேயே இடப்பக்கம் கத்தி வெட்டுவதுபோல் இறங்கும். அங்கே நடைபாதை இருந்தால் அதன் மேல்தான். அதே கையில் லெப்பர்டோ பஸ்ஸோ நேராகப் போகும், பல நேரம் டெஸ்ட்ராயரைவிடத் தூரமாகவும் போகும்.

டிஸ்க் இடப்பக்கம் போவதை எதிர்பார்த்து நண்பர்கள் வலப்பக்கம் ஒதுங்கி நிற்பார்கள். அது இன்னொரு பொறி. விரல் பிடி விடுவது ஒரு நொடியின் சிறு பங்கு தாமதமானால் டிஸ்க் வலப்பக்கம் பாயும், அதுவும் முழு வேகத்தில். சீக்கிரம் விட்டால் இடப்பக்கம். ஆகவே டீக்கு (வீசத் தொடங்கும் இடத்துக்கு) முன்னால் எந்தப் பக்கமும் பாதுகாப்பில்லை. எல்லோரும் வீசுகிறவருக்குப் பின்னால், அவர் கை பின்னோக்கி நீளும் தூரத்தையும் தாண்டி, மூன்று மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். வண்டியிலிருந்து எதையோ எடுக்கப் போகிறவர்கூட வீச்சு முடிந்த பிறகு போகலாம்.

கூடை கண்ணுக்குத் தெரியாத இடங்களில் ஒருவர் முன்னால் போய் மறைவிலிருந்து பார்த்து, கையை உயர்த்திக் காட்டிய பிறகுதான் அடுத்தவர் வீச வேண்டும். தப்பிப் போய்விட்டால் வெட்கப்படாமல் 'ஃபோர்!' (கோல்ஃபின் எச்சரிக்கைக் குரல்) என்று தொண்டை கிழியக் கத்துங்கள். "சாரி" என்று முணுமுணுப்பது டிஸ்க் விழுந்த பிறகுதான் பயன்படும். 'ஃபோர்' காதில் விழுந்தால் திரும்பிப் பார்க்காதீர்கள், குனிந்து தலையைக் கைகளால் மூடுங்கள். முகத்தைத் திருப்பிக் காட்டுவதால்தான் பல் போகிறது.

எதிர்க்காற்று வீசும் நாளில் இவை எல்லாம் மாறும். எதிர்க்காற்றில் டிஸ்க்குக்குத் தன் வேகம் கூடியதுபோல் ஆகி வலப்பக்கம் கவிழ ஆரம்பிக்கும், மேலே எழும்பி எங்கோ போய்விடும். அந்த நாளில் தாழ்வாக, மெதுவாக, பட்டரை வீசுவதே மேல்.

வாங்க வேண்டியது மூன்று டிஸ்க். வேகம் 2 அல்லது 3 உள்ள ஒரு பட்டர், நடுத்தூரத்துக்கு 4 அல்லது 5 உள்ள ஒரு மிட்ரேஞ்ச், அதைவிடத் தூரத்துக்கு 6 அல்லது 7 உள்ள ஒரு ஃபேர்வே டிரைவர். எடை 150 முதல் 165 கிராம் போதும். அதிகபட்ச எடைக்கு விதி உண்டு: விட்டத்தின் ஒவ்வொரு செ.மீ.க்கும் 8.3 கிராம். 21.2 செ.மீ. டிஸ்க்குக்கு அது 176 கிராம் வரும். அந்த உச்சத்தை முதல் நாளிலேயே தொட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. டிஸ்க்கின் அடியில் அழியாத மையில் தொலைபேசி எண் எழுதிவையுங்கள், தொலைந்தது திரும்பி வர அதுதான் வழி. முதல் ஆறு மாதம் இந்த மூன்றோடு இருந்தால் போதும். பொதுப் பூங்காவில் 60, 80 மீட்டர் தூரத்து ஹோல்கள் ஏராளம். (ஹோல் என்றால் ஒரு டீயிலிருந்து அதன் கூடை வரை உள்ள பகுதி. குழியே இல்லாத ஆட்டத்தில் 'ஹோல்' என்று சொல்வது பழைய கோல்ஃபின் மிச்சம்.) அவற்றுக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. 2016இல் டேவிட் விகின்ஸ் ஜூனியர் 338 மீட்டர் வீசிய உலக சாதனை நெவாடா பாலைவனத்துக் காற்றில் நடந்தது, மரமும் மனிதரும் உள்ள பூங்காவில் அல்ல.

உடம்பில் எங்கே வலிக்கிறது, ஏன்

பேக்ஹேண்ட் கையின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். காலில் தொடங்கி, இடுப்பு திரும்பி, முதுகு இழுத்து, கடைசியாகக் கைக்கு வருவதுதான் அந்த விசை. வேகமான டிஸ்க்கைத் தூரம் அனுப்பும் அவசரத்தில் இந்த வரிசை உடைந்து, தோளும் முழங்கையும் மட்டும் வேலை செய்யும். கை மார்பைச் சுற்றி வட்டமாக ஓடினால் தோளுக்குச் சுமை கூடும், தூரமும் வராது. டிஸ்க் மார்புக்கு முன்னால் நேர்கோட்டில் இழுபட வேண்டும். விட்ட பிறகு கையைச் சட்டென்று நிறுத்தாதீர்கள். ஓடும் வண்டிக்குத் திடீர் பிரேக் போட்டால் யார் முன்னால் போய் விழுவார்களோ அதே நிலைமை தோளின் தசைகளுக்கும். கை தானாகச் சுற்றி ஓயட்டும்.

வலது கைக்காரரின் வலது கால்தான் முன்கால். சிமென்ட் டீயில் ஷூ நன்றாகப் பிடித்துக்கொண்டிருக்க, இடுப்பு மட்டும் திரும்பினால் அந்தத் திருகல் முழுவதும் முட்டிக்குள் போகும். வீசி முடிக்கும்போது எடை குதிகாலுக்கு வந்து, பாதம் குதிகாலின் மேல் திரும்ப வேண்டும். இது வரும்வரை வீசும் முன் எடுக்கும் மூன்று காலடி ஓட்டமே வேண்டாம், நின்ற இடத்திலிருந்தே வீசுங்கள். இழப்பது சில மீட்டர்தான்.

ஃபோர்ஹேண்ட் (உள்ளங்கை முன்னால் வரப் பக்கவாட்டில் சொடுக்கி வீசுவது) வேறு கதை. அதில் முழங்கையின் உட்பக்கம் பிளவதுபோல் இழுபடும். முழங்கை உடம்பை ஒட்டி, உள்ளங்கை மேல்நோக்கி, மணிக்கட்டு மட்டும் சொடுக்க வேண்டும். விட்ட பிறகு உள்ளங்கை தரையைப் பார்த்துக் கவிழ்ந்தால் டிஸ்க் படபடக்கும், முழங்கை வலிக்கும். ஒரு நாளில் முழு பலத்தோடு பத்துப் பதினைந்து ஃபோர்ஹேண்டுக்கு மேல் புதியவர்களுக்கு வேண்டாம்.

18 ஹோல் ஆட்டத்தில் ஏறக்குறைய 60 முதல் 70 தடவை வீசுவீர்கள். அதே அளவு தடவை குனிந்து எடுப்பீர்கள் என்பதை யாரும் எண்ணுவதில்லை. முதுகை வளைத்து எழுபது தடவை குனிந்தவர் மறுநாள் காலையில் பல் தேய்க்கக் குனியும்போது அதை உணர்வார். ஒரு காலை முன்வைத்து முட்டியை மடக்கி எடுங்கள்.

கார் கதவைச் சாத்திய கையோடு முதல் டீயில் நின்று முழு பலத்தில் வீசுவதுதான் மிகப் பொதுவான தவறு. பத்து நிமிடம் போதும்: வேக நடை, கால்களை முன்னும் பின்னும் ஆட்டுதல், இடுப்பைத் திருப்புதல், பிறகு ஐந்தாறு வீச்சு பாதி பலத்தில்.

வலி வந்துவிட்டால்? காலையில் காபி டம்ளரைத் தூக்கும்போது முழங்கையின் வெளிப்பக்கம் சுருக்கென்றால் அது தசைநாண் எரிச்சலின் அடையாளம். மேசையில் முன்கையை வைத்து, மணிக்கட்டு மேசை ஓரத்துக்கு வெளியே இருக்க, உள்ளங்கை கீழ்நோக்க, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடியுங்கள். மேலே தூக்க மற்ற கையின் உதவி, கீழே இறக்க இந்தக் கை மட்டும், நான்கைந்து நொடி எடுத்து மெதுவாக. பதினைந்து தடவை, மூன்று சுற்று, தினமும். லேசான நோவு பரவாயில்லை, கூர்மையான வலி வந்தால் பாட்டிலில் தண்ணீரைக் குறையுங்கள். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். மூன்றாம் நாளே 'சரியாகவில்லை' என்று விடுகிறவர்கள்தான் அதிகம். மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போனால், முழங்கை உட்பக்கம் 'டப்' என்ற சத்தத்தோடு நீலம் பாய்ந்தால், அன்றே முட்டி வீங்கினால், உடற்பயிற்சி வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள்.

புதரில் விழுந்த டிஸ்க்

போட்டி விதிப்படி தொலைந்த டிஸ்க்கைத் தேட மூன்று நிமிடம்தான். பூங்காவிலும் அதைப் பின்பற்றினால் பின்னால் வரும் குழு பொறுமையிழந்து உங்கள் தலைக்கு மேல் வீசாது. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒருவராவது டீயைப் பார்த்தபடி நிற்கட்டும்.

வெயில் மாதங்களில் தென்கலிஃபோர்னியப் பூங்காக்களில் சலங்கைப் பாம்பு உண்டு. புதருக்குள் கையை விடாதீர்கள், முதலில் நீளமான கம்பால் கிளறிப் பாருங்கள்.

அதைவிட அடிக்கடி அவதிப்படுத்துவது பாய்சன் ஓக் என்ற செடி. ஒரு காம்பில் மூன்று இலை, ஓரங்கள் ஓக் இலைபோல் அலையலையாக, பளபளப்பாக இருக்கும். கோடை முடிவில் சிவக்கும், குளிர்காலத்தில் இலையின்றி வெறும் குச்சியாக நிற்கும், அந்தக் குச்சிகூடப் படக்கூடாது. இது மா, முந்திரி, சேராங்கொட்டையின் குடும்பத்துச் செடி. சேராங்கொட்டைப் பால் பட்டுத் தோல் வெந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அரிப்பும் கொப்புளமும் பெரும்பாலும் 12 மணி நேரத்துக்குப் பிறகுதான் வரும். அதனால் ஆடும்போது ஒன்றும் தெரியாது. கொப்புள நீரால் இது பரவாது. துணி, ஷூ கயிறு, நாயின் ரோமம், டிஸ்க்கின் விளிம்பு ஆகியவற்றில் ஒட்டியிருக்கும் இந்தச் செடியின் எண்ணெய்தான் பரப்புகிறது.

புதருக்குள் போய் வந்த டிஸ்க்கைத் தனிப் பையில் போடுங்கள். கை, முன்கை, கணுக்காலை உடனே குளிர்ந்த தண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் கொண்டு கழுவுங்கள், சுடுதண்ணீர் வேண்டாம். டிஸ்க்கை ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, அடிப்பக்க விளிம்பின் உள்வளைவை மறக்காமல் துடையுங்கள். விரல்கள் பிடிப்பது அங்கேதான். காரின் ஸ்டியரிங்கைத் தொடுவது இதற்கெல்லாம் பிறகு.