போதை மாத்திரை, ஊசிக்கு அரசு சிகிச்சை: அலையவிடும் இடங்கள் எவை

வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பையன் வீட்டில் இருந்தால், கடலூரிலும் புதுச்சேரியிலும் அக்கம்பக்கத்தில் முதலில் சொல்வது, 'ஏதாவது ஹோமில் சேர்த்துவிடுங்கள்' என்பதுதான். பணம் கட்டுவதற்கு முன் ஒரு போன் போடுங்கள். தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மறுவாழ்வு மையங்களுக்கும் (ஐ.ஆர்.சி.ஏ.), அரசு மருத்துவமனைகளில் இயங்கும் சிகிச்சைப் பிரிவுகளுக்கும் (ஏ.டி.எஃப்.) மத்திய சமூக நீதி அமைச்சகம் பணம் தருகிறது. அருகில் எது இருக்கிறது என்று 14446-ல் சொல்வார்கள். ஊசி போடுபவர்களுக்கு மாற்று மருந்து தரும் ஓ.எஸ்.டி. மையம் எங்கே என்று கேட்க 1097.

முதல் அலைச்சல் இங்கேதான் தொடங்கும். ஓ.எஸ்.டி. என்பது ஊசி போடுபவர்களுக்கு. மாத்திரையை விழுங்க மட்டும் செய்பவர் அங்கே போனால் திருப்பி அனுப்புவார்கள். எங்கே போக வேண்டும் என்று பல நேரம் சொல்லமாட்டார்கள். அவர் போக வேண்டியது மனநலப் பிரிவு ஓ.பி.க்கு. கடலூர் மஞ்சக்குப்பம் தலைமை மருத்துவமனையோ புதுச்சேரி ஜிப்மரோ, எது பக்கமோ அங்கே. தாலுகா மருத்துவமனைக்குப் போவதானால் மனநல மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார் என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். இல்லாவிட்டால் ஒரு நாள் கூலி போனதுதான் மிச்சம்.

இரண்டாவது, நாம் செய்யும் தவறு. வரிசையில் நிற்கத் தெம்பு வேண்டும் என்று காலையில் ஒரு டோஸ் போட்டுவிட்டு வருகிறார்கள். மாற்று மருந்தான பியூப்ரெனார்பினை அந்த நிலையில் கொடுத்தால் உடம்பு முறுக்கி, வாந்தியும் நடுக்கமும் ஒரேயடியாக வரும். அதனால் மருத்துவர் அன்று தரமாட்டார். கடைசி டோஸ் போட்டுப் பெரும்பாலும் 12 மணி நேரமாவது கழிந்து, கொட்டாவி, மூக்கொழுகல், உடல்வலி தொடங்கிய பிறகுதான் முதல் மாத்திரை. அதை நாக்குக்கு அடியில் வைத்து முழுவதும் கரையவிட வேண்டும். விழுங்கினால் பெரும்பகுதி வீண்.

'பி.பி.எல். கார்டு எங்கே' என்று கேட்பார்கள். மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, பிரிவு 18(7) தெளிவாகச் சொல்கிறது: வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு, கார்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரசு நடத்தும் அல்லது அரசுப் பணம் பெறும் இடத்தில் சிகிச்சை இலவசம். போதையால் வரும் மனநிலைக் கோளாறுகளும் இந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. முடியாது என்றால், யார், எந்த விதியின் கீழ் மறுக்கிறார் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பேனா எடுத்ததும் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். தீராவிட்டால் தமிழ்நாட்டுக்காரர்கள் முதல்வர் உதவி எண் 1100-க்குச் சொல்லலாம், திங்கட்கிழமை கலெக்டர் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம்.

தனியார் ஹோம் என்றால் மனநல ஆணையப் பதிவுச் சான்றைக் கண்ணால் பாருங்கள். புதுச்சேரியின் ஆணையம் வேறு, தமிழ்நாட்டின் ஆணையம் வேறு. எல்லைக்கு அந்தப் பக்கம் பதிந்ததை இந்தப் பக்கம் காட்டினால் செல்லாது. ராத்திரி வேனில் வந்து ஆளைத் தூக்கிப்போவதும், 'அம்மா கையெழுத்து போட்டாச்சு' என்று மாதக்கணக்கில் பூட்டிவைப்பதும் சட்டத்தில் இல்லை. சம்மதம் இல்லாத சேர்க்கைக்கு இரண்டு பேர் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும், ஒருவர் மனநல மருத்துவர். அதுவும் முதலில் 30 நாள் வரைதான். மருத்துவக் காப்பீட்டை நம்பி முன்பணம் கட்டாதீர்கள். பல பாலிசிகளில் போதைச் சிகிச்சை விலக்குப் பட்டியலில் இருக்கிறது. பாலிசியில் 'Excl12' என்று தேடிப் பாருங்கள்.

வழக்கு இருக்கிறதா? போதைப்பொருள் சட்டப் பிரிவு 64ஏ, சொந்த உபயோக வழக்கிலும் சிறிய அளவு வழக்கிலும் மாட்டியவர் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. ஹெராயினில் 5 கிராம், கஞ்சாவில் 1 கிலோ வரை சிறிய அளவு. ஆனால் சிகிச்சை எடுப்பது அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடமாக இருக்க வேண்டும். பெயர் தெரியாத ஹோமின் ரசீதைக் கோர்ட்டு ஏற்காது. பாதியில் விட்டால் விலக்கைத் திரும்பப் பெறலாம். ஓ.பி. சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி ஒவ்வொன்றையும் ஜெராக்ஸ் எடுத்துவையுங்கள்.

டிஸ்சார்ஜ் அன்றே அடுத்த ஓ.பி. தேதியை எழுதி வாங்குங்கள். 'சுத்தமாயிட்டான்' என்று அனுப்பிவைத்த பிறகுதான் உயிர் போகிறது: உடம்பின் தாங்குசக்தி குறைந்திருக்கும், பழைய அளவே ஆளைக் கொல்லும். மூச்சு மெதுவாகி உதடு நீலமானால் 108. என்ன மாத்திரை, எத்தனை, எப்போது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், காலி அட்டையையும் கையில் கொடுத்தனுப்புங்கள்.