கர்ப்பகால வழிகாட்டலும் தோட்டத்து நாள் பேரும்

கர்ப்பிணி ஒருவர் பிரசவத்துக்கு முன் குறைந்தது 8 தடவை சுகாதாரப் பணியாளரைச் சந்திக்க வேண்டும், முதல் சந்திப்பு 12 வாரத்துக்குள் நடக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சொன்னது. அதற்கு முன் 4 தடவை போதும் என்றிருந்தது. இலங்கையில் இன்னும் முந்திக்கொண்டு 8 வாரத்துக்குள் பதிவு செய்யப் பார்க்கிறோம். இங்கே மிட்வைஃப் வீட்டுக்கே வருகிறார். கிளினிக் இலவசம், குளிசை இலவசம், பிரசவம் ஏறக்குறைய எல்லாமே வைத்தியசாலையில். ஏழை நாடுகள் பலவற்றில் இவ்வளவு கிடையாது. இத்தனையும் இருந்தும் தேயிலைத் தோட்டங்களில் பல தாய்மார் மூன்று மாதம் கழித்துத்தான் கிளினிக் பக்கம் வருகிறார்கள். அறியாமைதான் காரணம் என்று கூட்டங்களில் சொல்லப்படும்போது எனக்குக் கோபம் வருகிறது.

கிளினிக் நாள் அவர்களுக்கு வேலை நாள். நிறை பார்த்து, பிரஷர் பார்த்து, சிறுநீர் கொடுத்து, டொக்டரையும் பார்த்து முடிய மத்தியானம் தாண்டிவிடும். பிறகு மலைக்குப் போய்க் கொழுந்து எடுத்தாலும் சொன்ன கிலோ தேறாது. தேறாவிட்டால் அரைப் பேர், அதாவது பாதி நாள் சம்பளம்தான். வழிகாட்டலில் இருக்கும் ஒவ்வொரு சந்திப்பும் அவர் வீட்டுக் கணக்கில் ஒரு நாள் பேர். மாதக் கடைசியில் கடைக் கணக்கு தீர்க்க வேண்டிய பெண் அந்தக் கணக்கைத்தான் முதலில் பார்ப்பார், நாமும் அப்படித்தான் பார்ப்போம். அதனால் கிளினிக் திகதியைக் குறிக்கும் முன் தோட்ட நலன்புரி உத்தியோகத்தரோடும் வேலையை மேற்பார்க்கும் கங்காணியோடும் பேசுவது வைத்திய வேலையின் ஒரு பகுதி என்றே நான் நினைக்கிறேன். வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் கிளினிக் வைத்தால் மூத்த பிள்ளையை விட்டுவிட்டு வர ஆள் தேட வேண்டியதில்லை. மலையும் பக்கம். இதற்கு எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை, இரண்டு பக்கமும் மனம் வைத்தால் போதும்.

சீக்கிரம் வரச் சொல்வதற்கு வலுவான காரணம் ஒன்று உண்டு. இலங்கையில் தாய்மார் மரணத்துக்கான முக்கிய காரணங்களில் இதய நோயும் ஒன்று. சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சல் இதய வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருக்கும், அது கர்ப்பம் வரும்வரை வெளியே தெரியாமலும் இருக்கும். 28 முதல் 32 வாரத்துக்குள் இதயத்தின் சுமை நன்றாக ஏறிவிடும், அப்போதுதான் மூச்சு முட்டும். மலையகத்தில் இதைக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். “மேடு ஏறினா மூச்சு வாங்கத்தானே செய்யும்” என்று எல்லாரும் சொல்வார்கள், அது நியாயமாகவும் தோன்றும்.

படிவத்தில் ‘மூச்சுத் திணறல் உண்டா, இல்லையா’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அப்படியே கேட்டால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். நான் வேறு மாதிரிக் கேட்கிறேன்: “தங்கச்சி, போன வருஷம் இதே மேட்டை நிக்காம ஏறினீங்களா?” இரண்டாவது பிள்ளைக்காக வந்த ஒரு பெண் கொஞ்சம் யோசித்தார். “போன வருஷம் ஏறினேன் டொக்டர். இப்ப பாதி வழியில கூடைய இறக்கி வச்சிட்டுத்தான் ஏறுறேன். ராவுல படுத்தா இருமல் வருது, சுவத்துல சாஞ்சிக்கிட்டுத்தான் தூங்குறேன்.” இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ பரிசோதனையில் வால்வு சுருங்கியிருந்தது தெரிந்தது. முதல் பிள்ளையின் அட்டையில் அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்றுதான் எழுதியிருந்தது. அவருடைய பிரசவம் இதய வைத்திய நிபுணர் இருக்கும் வைத்தியசாலையில் நடந்தது, தாயும் பிள்ளையும் நலம். வீட்டிலும் இதே கேள்வியைக் கேளுங்கள். அதைக் கேட்க டொக்டராக இருக்க வேண்டியதில்லை, மாமியார் கேட்கலாம், புருஷன் கேட்கலாம்.

அப்புறம் இரும்புச்சத்துக் குளிசை. கர்ப்பகாலத்தில் ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனால் இரத்தசோகை. குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கினால் தேயிலையில் இருக்கும் டனின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் ஒழுங்காகச் சேராது. கிளினிக்கில் எல்லோரும் இதைச் சொல்கிறோம். ஆனால் விடியற்காலை ஒரு தேத்தண்ணி, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் முன் ஒன்று, பத்து மணிக்கு மலையில் ஒன்று என்று ஓடும் நாளில் குளிசைக்கு இடம் எங்கே? ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தேத்தண்ணியை விட்டுவிட்டு, படுக்கும் முன் தண்ணீரோடு போடச் சொல்கிறேன். தேசிக்காய்த் தண்ணீராக இருந்தால் இன்னும் நல்லது. வயிற்றைப் பிரட்டுவதும் தூக்கத்தில் அவ்வளவாகத் தெரியாது. மலம் கறுத்துப் போவதற்குப் பயப்பட வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும், அதைப் பார்த்துத்தான் பலர் குளிசையை நிறுத்துகிறார்கள்.

இரத்தம் குறைந்த தாய், பிரசவத்துக்குப் பின் மற்றவர்கள் தாங்கும் அளவு இரத்தப்போக்கையும் தாங்கமாட்டார். பிரசவமாகி 24 மணி நேரத்துக்குள் 500 மில்லிலீட்டர் அல்லது அதற்கு மேல் போனால் அதிக இரத்தப்போக்கு என்பது வரையறை. ஆனால் கண்ணால் பார்த்து அளவு சொன்னால் பெரும்பாலும் குறைத்துத்தான் சொல்வோம். 2023இல் வெளியான ஈ-மோட்டிவ் ஆய்வு கென்யா, நைஜீரியா, தென்னாபிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 80 வைத்தியசாலைகளில் நடந்தது. அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பைத் தாயின் அடியில் விரித்து இரத்தத்தை அளந்தார்கள். அளவு தாண்டியதும் கருப்பையைத் தடவுவது, கருப்பையைச் சுருங்கவைக்கும் ஒக்சிடோசின், இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரனெக்சாமிக் அமிலம், சேலைன், காரணம் தேடிப் பரிசோதிப்பது எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்தார்கள். கடும் இரத்தப்போக்கு, அதற்காகச் செய்யும் வயிற்று அறுவைச் சிகிச்சை, அதனால் வரும் மரணம் ஆகியவை சேர்த்து 60 சதவீதம் குறைந்தன. இதில் ஒரு மருந்துகூடப் புதிது இல்லை. வழக்கமான முறையில் அதிக இரத்தப்போக்கு வந்த தாய்மாரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது கண்ணிலேயே படாமல் போயிருந்தது, பட்டாலும் எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்வது குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம். விரிப்பு இல்லாத சிறிய வைத்தியசாலையிலும் நனைந்த துணிகளைத் தராசில் வைத்துப் பார்க்கலாம். காய்ந்த துணியின் நிறையைக் கழித்தால், 1 கிராமுக்கு ஏறக்குறைய 1 மில்லிலீட்டர். ஒக்சிடோசினை 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைக்க வேண்டும். கரன்ட் போய்வந்த பிறகு குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து வெப்பமானியைப் பார்ப்பதை யாராவது ஒருவர் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

வழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1990ஐ அழைத்தால் ஆம்புலன்ஸ் இலவசமாக வரும், ஆனால் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் பல லயங்களின் வாசல் வரை அதனால் வர முடியாது. ராத்திரி வலி வந்தால் எந்தச் சந்தி வரை நடக்க வேண்டும், யார் டோர்ச் பிடிப்பது, மூத்த பிள்ளை எந்த வீட்டில் இருக்கும், மழையில் பாதை உடைந்தால் மாற்று வழி எது என்பதையெல்லாம் 36ஆவது வாரத்துக்கு முன்னரே பேசி, கிளினிக் அட்டையின் பின்பக்கத்தில் எழுதச் சொல்கிறேன். கூடவே டிரைவர்கள் இரண்டு பேரின் தொலைபேசி இலக்கமும் இருக்கட்டும். ஒருவர் ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ ஹயர் போயிருந்தால் மற்றவரைக் கூப்பிடலாம்.