வீட்டுக்குள் இருப்பது நடை, நடைபாதை இல்லை

வில்லாபுரத்தில் தம்பி கட்டும் வீட்டுக்கு உள் அலங்கார வேலைக்கு மதிப்பீடு வந்தது. அதில் ஒரு வரி: "நடைபாதை அலங்காரம், நேர்த்தியான பாணியில்." அம்மா படித்துவிட்டு, "தெருவுக்குக் கல்லு பதிக்கிறது கார்ப்பரேசன் வேலைல்ல? நாம ஏன்டா காசு குடுக்கணும்?" என்றார். அம்மா கேட்டதில் தப்பே இல்லை. ஆங்கில ஹால்வேயை நடைபாதை என்று எழுதி எழுதியே கெடுத்துவிட்டார்கள்.

ஆங்கிலத்தில் ஹால் என்பது முதலில் கூரை போட்ட பெரிய கூடம். ஹால்வே, வாசலிலிருந்து அறைகளுக்குப் போகிற உள்வழி. சரி, தமிழில் என்ன?

நடைபாதை என்றால் மதுரையில் யாருக்கும் டவுன்ஹால் ரோடுதான் நினைவுக்கு வரும். நடைபாதைக் கடை, நடைபாதை ஆக்கிரமிப்பு என்று நாள்தோறும் புழங்கும் சொல் அது. திறந்த வெளி, ஊருக்குப் பொது. அதைக் கொண்டுவந்து கூரைக்கடியில் வைத்து, "நடைபாதையில் பெரிய கண்ணாடி மாட்டுங்கள்" என்று எழுதினால் படிப்பவர் என்ன செய்வார்?

தமிழ் ஆர்வலர்கள் சிலர் 'நடைகூடம்' என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கூடம் என்பது ஆட்கள் கூடி இருக்கும் இடம். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படிக்கிறோம், வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கிறோம். கடந்து போவதற்கென்றே இருக்கும் நாலடி அகல இடத்தை எப்படிக் கூடம் என்பது? 'தாழ்வாரம்' என்பவர்களும் உண்டு. அது முற்றத்தைச் சுற்றித் தாழ இறங்கும் கூரையும் அதன் அடியும். மழை பெய்தால் சாரல் அடிக்கும். கான்கிரீட் வீட்டில் தாழ்வாரத்துக்கு எங்கே போவது?

புதிதாக ஒன்றும் ஆக்க வேண்டாம். "செருப்ப நடையில விடு" என்று அப்பத்தா சொன்னாரே, அந்த நடைதான். திண்ணை தாண்டி, நிலைப்படி தாண்டினால் நடை. அதற்கப்புறம் பட்டாசாலை, முற்றம். பழைய சொல் வேண்டுமென்றால் இடைகழி இருக்கிறது. முதலாழ்வார் மூவரும் மழையிரவில் திருக்கோவலூரில் நெருக்கி நின்றது ஓர் இடைகழியில்தான். அது தேய்ந்து ரேழி ஆனது என்பார்கள். வடமொழி தேஹளியிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. ரேழி தஞ்சைப் பக்கம் தழைத்த சொல். எங்களுக்கு நடை போதும்.

நடைக்குப் பல பொருள் இருக்கிறதே, குழம்பாதா என்கிறார்கள். கோயில் நடை சாத்தியாச்சு என்றால் யாராவது குழம்புகிறோமா? மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைப் புரட்டும் முன், பிறந்து வளர்ந்த வீட்டை ஒரு முறை நினைத்துப் பார்க்கலாம். பாதிச் சொல் அங்கேயே கிடைக்கும்.

'நேர்த்தியான பாணி' என்பதும் அப்படித்தான். அழகான நடை என்றாலே போதும். சுவருக்கு வெளிர் நிறம், உள்கோடியில் ஓர் உருளியில் தண்ணீரும் பூவும், தரைக்கு ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின் மேல் சாயக் கலவையை ஊற்றிக் கையால் வார்க்கும் கல் அது. பாலிஷ் போடாமலே பளபளக்கும்.

மதிப்பீட்டில் 'பாதை'யை அடித்து 'நடை' என்று மட்டும் விட்டுத் திருப்பிக் கொடுத்தேன். மேஸ்திரி வாங்கிப் பார்த்துவிட்டு, "நடைக்கு எத்தனை சதுர அடி கல்லுண்ணே?" என்று கேட்டார்.