தப்புக்குப் பிறகு வரும் அரை நொடி

மதுரையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “என் மகள் இரண்டாம் வகுப்பு. ஒரு கணக்கு தப்பானால் போதும், நோட்டு கிழியும்வரை ரப்பரால் அழிக்கிறாள். ‘எனக்குக் கணக்கு வராது’ என்கிறாள். ‘நீ கெட்டிக்காரி என்று சொல்லிக்கொண்டே இரு’ என்கிறார் என் மாமியார். சொல்லவே கூடாது என்கிறது யூடியூப். எதைக் கேட்பது?”

யூடியூப் சொல்வதற்கு ஆதாரம் உண்டு. 1998-இல் அமெரிக்க உளவியலாளர்கள் கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்தார்கள். முடித்ததும் சிலரிடம் “நீ கெட்டிக்காரன்” என்றும், சிலரிடம் “நன்றாக முயன்றிருக்கிறாய்” என்றும் சொன்னார்கள். அடுத்து வேண்டுமென்றே கடினமான புதிர்கள். மூன்றாவதாக, முதல் சுற்று அளவுக்கே எளிதானவை. கெட்டிக்காரப் பட்டம் வாங்கியவர்கள் முதல் சுற்றைவிடக் குறைவாக எடுத்தார்கள். முயற்சிக்குப் பாராட்டு பெற்றவர்கள் கூடுதலாக எடுத்தார்கள். மதிப்பெண்ணை எழுதச் சொன்னபோது பட்டம் வாங்கியவர்களில் 38 சதவீதம் பேர் கூட்டிப் போட்டுப் பொய் சொன்னார்கள்! திறமை பழகப் பழகக் கூடும் என்ற எண்ணத்துக்கு ‘வளர் மனப்பான்மை’ என்று பெயர் வந்தது. மீதியை எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

எனக்குப் பிடித்த பகுதி வேறு. தப்பு செய்தவுடன் தலைக்குள் என்ன நடக்கிறது?

மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் தொப்பியை ஒருவருக்கு மாட்டி, வேகமாகப் பட்டன் தட்டும் விளையாட்டைக் கொடுத்தால், கை தவறிய ஒவ்வொரு முறையும் இரண்டு அலைகள் தெரியும். முதலாவது, நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் வந்துவிடும். நெற்றிக்குப் பின்னால், இரு அரைக்கோளங்களும் எதிரெதிரே இருக்கும் உள்பக்க மடிப்பில் கிளம்பும் அலாரம் அது. நமக்கே தெரியாத தப்புக்கும் அடிக்கும். அரை நொடிக்குள் இரண்டாவது அலை எழும். “அட, என்ன செய்துவிட்டேன்?” என்று கவனம் அந்தத் தப்பின் மேல் திரும்பும்போது வருவது இது. கவனம் எவ்வளவோ, அலை அவ்வளவு உயரம்.

மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை ஏழு வயதை ஒட்டிய 123 பிள்ளைகளிடம் சோதித்து 2017-இல் வெளியிட்டார்கள். விளையாட்டு அருமையானது: காட்சிசாலையிலிருந்து விலங்குகள் தப்பிவிட்டன, திரையில் விலங்கு தெரிந்ததும் பட்டனைத் தட்டிப் பிடிக்க வேண்டும். ஒராங்குட்டான் வந்தால் மட்டும் தட்டக் கூடாது. அது நம் கூட்டாளி. படங்கள் மளமளவென்று வரும்போது எந்தப் பிள்ளையின் கை சும்மா இருக்கும்? பாவம் ஒராங்குட்டானும் மாட்டிக்கொள்ளும். திறமை வளரும் என்று நம்பிய பிள்ளைகளுக்கு அந்த இரண்டாவது அலை பெரிதாக இருந்தது. தப்புக்கு அடுத்த படத்தில் அவர்கள் தடுமாறுவதும் குறைவு. நம்பிக்கையால் அலை உயர்ந்ததா, வேறு காரணமா என்பதை இந்த ஒரு சோதனை தீர்மானிக்காது. ஆனாலும் தப்பைத் திரும்பிப் பார்க்கிற பிள்ளை அடுத்ததைச் சரியாகச் செய்கிறது என்பது தெளிவு. நம் பிள்ளைகளிடமும் இதைச் செய்து பார்க்க யாராவது நிதி ஒதுக்கினால் புண்ணியம்.

நிதி என்றதும் ஞாபகம் வருகிறது. நடுமூளையைத் தூண்டுகிறோம் என்று கண்ணைக் கட்டிக்கொண்டு நிறம் சொல்ல வைக்கும் ‘மிட்பிரெய்ன் ஆக்டிவேஷன்’ வகுப்புகளுக்கு ஆயிரக்கணக்கில் கட்டுகிறோம். மூக்கோரத்து இடுக்கு வழியாகப் பிள்ளை எட்டிப் பார்க்கிறது, வேறொன்றுமில்லை. உண்மையான நடுமூளையோ, எதிர்பார்த்தது கிடைக்காதபோது டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் தன் செல்கள் அடங்கிப்போவதன் மூலம் ‘கிடைக்கவில்லை’ என்ற செய்தியைத் தினமும் இலவசமாகவே சொல்கிறது.

சரி, மதுரைக்கு வருவோம். ரப்பர் செய்வது என்னவென்றால், அந்த இரண்டாவது அலைக்கு வேலை இல்லாமல் செய்துவிடுகிறது. பார்ப்பதற்குள் தப்பு மறைந்துவிடுகிறது. 32-இலிருந்து 17 போனால் 25 என்று மகள் எழுதியிருந்தால், அழிக்க விடாதீர்கள். “25 எப்படி வந்தது, சொல்லிக் காட்டு” என்று கேளுங்கள். பெரும்பாலும் 2-இலிருந்து 7 போகாது என்று 7-இலிருந்து 2-ஐக் கழித்திருப்பாள். கவனக்குறைவு இல்லை இது. அவளாகவே கண்டுபிடித்த விதி. ஐஸ் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு மூன்று கட்டும், உதிரியாக இரண்டும் வையுங்கள். ஏழு குச்சி எடுக்கச் சொன்னால் இரண்டோடு கை நின்றுவிடும். கொஞ்சம் பொறுங்கள். அவளே ஒரு கட்டைப் பிரிப்பாள். ‘கடன் வாங்கிக் கழித்தல்’ என்று பள்ளியில் சொன்னது அப்போதுதான் கையில் பிடிபடும். அதன் பிறகு “கட்டைப் பிரிக்கலாம் என்று கண்டுபிடித்துவிட்டாயே” என்று சொன்னால், எதைப் பாராட்டுகிறீர்கள் என்று அவளுக்கே தெரியும். வெறும் “நன்றாக முயன்றாய்” அதற்கு ஈடாகாது.

இதிலேயே பிள்ளை முதல் மதிப்பெண் வாங்கிவிடும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை வைத்து நடத்தி 2019-இல் வெளியான ஆய்வில், திறமை வளரும் என்று சொல்லித்தரும், ஒரு மணி நேரத்துக்கும் குறைவான ஆன்லைன் பயிற்சி, பின்தங்கிய மாணவர்களின் சராசரி மதிப்பெண்ணை (மொத்தம் 4 புள்ளிக்கு) 0.1 புள்ளிதான் உயர்த்தியது. சின்ன லாபம், செலவும் சின்னது.

2016-இல் டுவெக்கும் கைலா ஹைமோவிட்ஸும் கண்டது இன்னொன்று. அறிவு வளரும் என்று பெற்றோர் நம்புகிறார்களா என்பது பிள்ளைகளுக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. தோல்வியைக் கண்டு பெற்றோர் பதறுகிறார்களா என்பதுதான் தெரிகிறது. நோட்டைப் பார்த்ததும் நீங்கள் “ஐயோ, மறுபடியுமா?” என்றால், அப்புறம் எத்தனை குச்சிக் கட்டு வைத்தும் பலன் குறைவு. அவள் களைத்துப்போய் கண் கலங்கி நிற்கும் நேரத்தில் இதையெல்லாம் ஆரம்பிக்கவும் வேண்டாம். அந்த 25 நோட்டிலேயே இருக்கட்டும், சாப்பிட்டுவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.