வாடலைத் தாங்கும் ரகமா? எந்த வாடலை?

பருத்தி தலை தொங்கியதும் மருந்துக்கடைக்கு ஓட வேண்டாம். வாடிய செடி ஒன்றைப் பிடுங்கி, தரைமட்டத்துத் தண்டை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். பட்டைக்கு உள்ளே கட்டையில் பழுப்பு, கருப்புக் கோடுகள் ஓடினால் ஃபியூசேரியம் என்னும் பூஞ்சை. கட்டை இளஞ்சிவப்பாகி, இலை நரம்புகளுக்கு நடுவே புலிவரி போலக் காய்ந்திருந்தால் வெர்டிசீலியம் என்னும் இன்னொரு பூஞ்சை. நிறமே மாறாமல், வறட்சிக்குப் பின் கொட்டிய மழையில் செடி துவண்டிருந்தால் அங்கே பூஞ்சைக்கு வேலையில்லை. நீரை வடித்து, லிட்டருக்கு 10 மில்லிகிராம் கோபால்ட் குளோரைடு கலந்து அன்றைக்கே தெளிக்க வேண்டும். தாமதித்தால் பயனில்லை.

ஃபியூசேரியத்தின் உள்வகைகளில் ஒன்றான 4ஆம் இனம் (ரேஸ் 4) இந்தியாவில் முதலில் அடையாளம் காணப்பட்டது. கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்தி அதற்கு எளிதில் இரையாகும். இங்குள்ள அமெரிக்கப் பருத்தி பெரும்பாலும் தப்பிவிடும். வெர்டிசீலியத்திடம் அதே அமெரிக்கப் பருத்தி அடிவாங்கும். எம்.சி.யூ. 5 ரகத்திலிருந்து வெர்டிசீலியத்தைத் தாங்கும் எம்.சி.யூ. 5 வி.டி. வந்தது அதனால்தான். ஆக, விதைப்பையில் 'வாடல் தாங்கும்' என்று மட்டும் போட்டிருந்தால் அது அரைகுறைத் தகவல்.

நாட்டுப் பருத்தியில் ஃபியூசேரியத்தைத் தடுக்க இரண்டு ஓங்கு மரபணுக்கள் (ஒரு பிரதி இருந்தாலே வேலை செய்பவை) சேர்ந்திருக்க வேண்டும் என்பது பழைய கலப்பு ஆய்வுகளின் முடிவு. ஒன்று இல்லாவிட்டாலும் செடி வாடும். இரண்டும் உள்ள ரகத்தை இரண்டும் இல்லாததோடு கலப்புச் செய்தால் முதல் தலைமுறை முழுக்கப் பச்சையாக நிற்கும். ஆசைப்பட்டு அந்த விதையையே எடுத்து விதைத்தால் 16 செடிக்கு 9 தாங்கும், 7 போய்விடும். இந்த இரண்டின் வேலையை அடக்கும் வேறொரு மரபணு குறுக்கிட்டால் இழப்பு இன்னும் கூடும்.

வயலில் பிழைத்து நிற்பதெல்லாம் எதிர்ப்புள்ள செடி என்று விதைக்கு எடுப்பது இன்னொரு தவறு. அது நின்ற இடத்தில் பூஞ்சையே இல்லாதிருக்கலாம். நோய் கண்ட நிலத்தில், எளிதில் வாடும் ரகத்தை இடையிடையே ஒரு வரிசை போட்டுப் பாருங்கள். அது சாகும் இடத்தில் பிழைப்பதுதான் கணக்கு.

மணற்பாங்கான மண்ணில் வேரையும் கழுவிப் பாருங்கள். முடிச்சுகள் இருந்தால் நூற்புழு. அது போட்ட காயத்தின் வழியே பூஞ்சை நுழையும்போது, ஓரளவே தாங்கும் ரகங்கள் சரிந்துவிடும். நூற்புழுவைத் தடுக்கும் மரபணு வேறு. அமெரிக்காவின் அகாலா நெம்எக்ஸ் ரகத்தில் அது 11ஆம் குரோமோசோமில் இருக்கிறது.

ஃபியூசேரியம் வாடிய செடியைச் சுற்றி, லிட்டருக்கு 1 கிராம் கார்பன்டசிம் கலந்து ஊற்றலாம். அது பக்கத்துச் செடிக்குக் காவல், வாடியதற்கு உயிர் தராது. அறுவடை முடிந்ததும் பருத்தி மாரை (காய்ந்த செடியை) வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள், மடக்கி உழாதீர்கள். வெர்டிசீலியத்தின் கருமணிகள் (பூஞ்சை உறங்கிக் கிடக்கும் நுண்ணிய கருந்துகள்கள்) மண்ணில் பத்தாண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும்.